வீட்டில் இன்னொரு வண்டி இருக்கிறதா?

அன்பு வாசகர்களுக்கு,

கொஞ்ச காலமாக நமக்கு வரும் கடிதங்களில் ஒரே விஷயம் வேறு வேறு கையெழுத்தில் வந்துகொண்டிருக்கிறது. "பையனுக்கு வேலை கிடைத்துவிட்டது. செகண்ட் ஹேண்டில் போலோ ஜிடிதான் வேண்டும் என்று ஒற்றைக் காலில் நிற்கிறான். வாங்கிக் கொடுக்கலாமா?" என்று அப்பாக்கள் கேட்கிறார்கள். "2014 மாடல் போதுமா, இல்லை கடனைக் கொஞ்சம் கூட்டி 2021 மாடலுக்குப் போகலாமா?" என்று பிள்ளைகள் கேட்கிறார்கள். அம்மாக்கள் கேட்பது மட்டும் வேறு மாதிரி: "அதில் பின்னாடி உட்கார இடம் இருக்குமா?"

அம்மாக்களுக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். அதிகம் இருக்காது. இரண்டு பேர் உட்காரலாம். மூன்றாவது ஆள் ஏறினால் மூவருக்குமே சிரமம். முன்னால் உயரமான ஆள் ஓட்டினால், பின்னால் இருப்பவருக்கு முழங்கால் இடிக்கும். பழைய ஜிடி, புது ஜிடி இரண்டுக்கும் இதே கதைதான், ஏனென்றால் உடம்பு ஒன்றுதான்.

அப்படியானால் எதில் வித்தியாசம்? அதைத்தான் இந்த மாதம் பேசலாம் என்று நினைத்தேன்.

கார் விஷயம் கரைத்துக் குடித்தவர்கள் "போலோ ஜிடி எல்லாம் ஒரு ஸ்போர்ட்ஸ் காரா சார்?" என்று சிரிப்பார்கள். சிரிக்கட்டும். அவர்கள் ஒப்புக்கொள்ளும் போலோ ஒன்றும் இங்கே விற்பனைக்கு வந்தது. ஜிடிஐ என்று பெயர். 2016 கடைசியில் வந்தது. மூன்று கதவு, 1.8 லிட்டர் டர்போ, 192 பிஎஸ். விலை 25 லட்சத்துக்கு மேல். நாடு முழுவதற்கும் சேர்த்து 99 வண்டிகள்தான் ஒதுக்கினார்கள். அதையா நம் வீட்டு வாசலில் நிறுத்தப் போகிறோம்? நம் தெருவில் திரும்ப முடிகிற, சர்வீஸுக்கு ஆள் கிடைக்கிற, மிதித்தால் பாய்கிற வண்டி என்று பார்த்தால் நம் பிள்ளைகளின் ஸ்போர்ட்ஸ் கார் இந்த ஜிடிதான். கதவு சாத்தும்போது வருகிற அந்தக் கனத்த சத்தத்துக்கே பாதிப் பேர் விழுந்துவிடுகிறார்கள் என்பது என் சந்தேகம்.

சுருக்கமாக வரலாறு. ஃபோக்ஸ்வேகனின் போலோ 2010-ல் இந்தியாவுக்கு வந்தது. புனேக்குப் பக்கத்தில் சாக்கனில் தயாரித்தார்கள். 2013-ல் ஜிடி டிஎஸ்ஐ வந்தது: 1.2 லிட்டர், நான்கு சிலிண்டர் டர்போ பெட்ரோல், 105 பிஎஸ், ஏழு கியர் டிஎஸ்ஜி ஆட்டோமேட்டிக். அப்போது ஷோரூம் விலை 8 லட்சத்துக்குச் சற்றுக் கீழே. 2020-ல் பிஎஸ் 6 விதி வந்ததும் அந்த இன்ஜினும் போனது, டிஎஸ்ஜி கியர்பாக்ஸும் போனது. பதிலுக்கு 1.0 லிட்டர், மூன்று சிலிண்டர் டர்போ வந்தது, 110 பிஎஸ். அதில் ஆறு கியர் மேனுவலும் உண்டு, டார்க் கன்வர்ட்டர் வகை ஆறு கியர் ஆட்டோமேட்டிக்கும் உண்டு. 2022-ல் போலோவே நின்றுவிட்டது.

குதிரைத் திறனில் வித்தியாசம் வெறும் 5. இழுவைத் திறன் இரண்டுக்குமே 175 நியூட்டன் மீட்டர். ஆகவே "எது வேகம்?" என்று மணிக்கணக்கில் வாதாடுவது வீண் வேலை. இசிஆரில் ஒரு லாரியை முந்தும்போது இரண்டுமே உங்களைக் கைவிடாது. பழையதில் நான்கு சிலிண்டர் என்பதால் இன்ஜின் வழவழப்பாக ஓடும். புதியதில் ஐடிலிங்கில் லேசான நடுக்கம் தெரியும். ஓட ஆரம்பித்தால் மறந்துவிடும். மைலேஜ் வித்தியாசம் வண்டியைப் பொறுத்ததல்ல, ஓட்டுகிறவர் காலைப் பொறுத்தது.

உண்மையான வித்தியாசம் கியர்பாக்ஸில் இருக்கிறது.

பழைய ஜிடியின் டிஎஸ்ஜி ஓர் அருமையான கருவி. அதில் சந்தேகமே வேண்டாம். உள்ளே இரண்டு கிளட்ச். ஒன்று, மூன்று, ஐந்து, ஏழு கியர்களை ஒரு கிளட்ச் பார்த்துக்கொள்ளும். இரண்டு, நான்கு, ஆறை இன்னொன்று பார்த்துக்கொள்ளும். நீங்கள் இரண்டாவது கியரில் போகும்போதே மூன்றாவது தயாராக நிற்கும். அதனால்தான் கியர் மாறுவதே தெரியாமல் மாறுகிறது. ஓட்டிப் பார்த்தவர்கள் அந்தச் சுகத்தை மறப்பதில்லை.

சிக்கல் எங்கே வருகிறது? அந்தக் கிளட்சுகள் எண்ணெயில் நனையாத உலர் வகை. ஹைவேயில் அவற்றுக்கு ஒரு கஷ்டமும் இல்லை. சென்னை கத்திப்பாராவில் சாயங்காலம் ஆறரை மணிக்கு, அரை அடி நகர்ந்து, நின்று, மறுபடி அரை அடி நகரும்போது கிளட்ச் முழுதாகப் பிடிக்கவும் முடியாமல், முழுதாக விடவும் முடியாமல் உரசிக்கொண்டே இருக்கும். சூடு ஏறும், தேயும். முதல் கியரிலிருந்து இரண்டாவதுக்குப் போகையில் ஒரு உதறல் வர ஆரம்பிக்கும்.

இன்னொரு சமாச்சாரம் மெக்கட்ரானிக்ஸ். கியரை எப்போது மாற்றுவது, எந்தக் கிளட்சை எவ்வளவு அழுத்துவது என்று முடிவெடுக்கும் பாகம் அது. எலக்ட்ரானிக்ஸும் ஹைட்ராலிக்ஸும் ஒரே பெட்டியில் இருக்கும். இந்த வகை கியர்பாக்ஸுக்காக 2013-ல் ஃபோக்ஸ்வேகன் உலக அளவில் சுமார் 16 லட்சம் வண்டிகளைத் திரும்ப அழைத்தது. வெக்கையும் புழுக்கமும் உள்ள ஊர்களில், நின்று நின்று போகும் டிராஃபிக்கில், உள்ளே இருக்கும் சிந்தெட்டிக் ஆயிலால் மின்கோளாறு வரலாம் என்று சொல்லி, மினரல் ஆயிலுக்கு மாற்றினார்கள். வெக்கை, புழுக்கம், நின்று நின்று போகும் டிராஃபிக்! சென்னையை நினைத்தே எழுதின மாதிரி இல்லை?

இதைச் சொன்னால் பழைய ஜிடி வைத்திருப்பவர்கள் என்மேல் பாய்வார்கள். "எட்டு வருஷமா ஓட்டுறேன், ஒரு குறையும் வந்ததில்லை" என்பார்கள். அவர்கள் சொல்வதும் பொய்யில்லை. எல்லா வண்டிக்கும் வருவதில்லை. ஆனால் வந்தால்? மெக்கட்ரானிக்ஸை மாற்றுகிற செலவு லட்சத்தைத் தாண்டிப் போகலாம். நாலைந்து லட்சம் கொடுத்து வாங்கிய வண்டிக்கு ஒரே பில்லில் லட்சத்துக்கு மேல் என்றால், அந்த மாதம் வீட்டில் என்ன பேச்சு நடக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

அதனால்தான், "பழசா, புதுசா?" என்று கேட்கிற எல்லோரிடமும் நான் திருப்பிக் கேட்பது ஒன்றே ஒன்றுதான். உங்கள் வீட்டில் இன்னொரு வண்டி இருக்கிறதா?

ஏற்கெனவே ஒரு வேகன் ஆரோ, ஐ10-ஓ போர்ட்டிகோவில் நிற்கிறது என்றால் கதையே வேறு. அப்பாவை செக்கப்புக்கு அழைத்துப் போக அது இருக்கிறது. ஜிடி இரண்டு வாரம் வொர்க்‌ஷாப்பில் கிடந்தால் பையனுக்கு மனசு வலிக்கும், அவ்வளவுதான். அந்த வீட்டுக்குப் பழைய ஜிடி தாராளமாகப் பொருந்தும். விலையில் மிச்சமாகிற பணத்தில் ஒரு பகுதியை, குறைந்தது ஒரு லட்சம், தனியாக எடுத்து வையுங்கள். அதை வண்டியின் விலையிலேயே சேர்த்துக் கணக்குப் போடுங்கள். கியர்பாக்ஸ் தொந்தரவு தராவிட்டால் அந்தப் பணம் உங்களுடையது.

வீட்டுக்கே அது ஒரே வண்டி என்றால்? காலை ஆபீஸ், சாயங்காலம் மார்க்கெட், ஞாயிறு குலதெய்வம் கோயில், நடுராத்திரி ஆஸ்பத்திரி எல்லாவற்றுக்கும் அதையே நம்பியிருக்கிறீர்கள் என்றால்? தயவுசெய்து 2020-க்குப் பிந்தையதை, அதுவும் மேனுவலை, வாங்குங்கள். பணம் போதவில்லையா, ஆறு மாதம் பொறுங்கள். "பழைய டிஎஸ்ஜி இப்போதே கிடைக்கிறது, விலை படிகிறது" என்று அவசரப்பட வேண்டாம். மேனுவலில் கிளட்ச் தேய்ந்தால் அதற்கென்று ஒரு தெரிந்த செலவு உண்டு. எந்த ஊரிலும் செய்ய ஆள் உண்டு.

புதியதன் பக்கம் நான் சாய்வதற்கு இன்னும் சில காரணங்கள் உண்டு. போலோ நின்றுவிட்டாலும் அந்த 1.0 டிஎஸ்ஐ இன்ஜின் குடும்பம் நிற்கவில்லை. விர்ட்டஸ், டைகூன், ஸ்கோடாவின் ஸ்லாவியா, குஷாக் எல்லாவற்றிலும் அதே 1.0 லிட்டர் டிஎஸ்ஐ ஓடுகிறது. சாக்கனில் இன்றும் இந்த வண்டிகள் தயாராகின்றன. இன்ஜினைத் தெரிந்த மெக்கானிக்குகளும் பெருகிக்கொண்டே போவார்கள். 1.2 டிஎஸ்ஐ-யின் நிலை அப்படியில்லை. போலோ, வென்டோ என்று சில வண்டிகளோடு அதன் கதை இங்கே முடிந்துவிட்டது.

இன்சூரன்ஸிலும் ஒரு சின்ன லாபம் உண்டு. தேர்டு பார்ட்டி பிரீமியம் இன்ஜின் சிசி-யைப் பொறுத்தது. 1.0 டிஎஸ்ஐ 999 சிசி, ஆயிரத்துக்குள் அடங்குகிறது. 1.2 டிஎஸ்ஐ 1,197 சிசி. அடுத்த படிக்குப் போய்விடுகிறது. 2022 ஜூனில் அமலுக்கு வந்த கட்டணப்படி முதல் படிக்கு வருடம் 2,094 ரூபாய், அடுத்த படிக்கு 3,416 ரூபாய். பெரிய தொகை இல்லைதான். ஆனால் வருடா வருடம் வருகிற தொகை.

ஆர்சி ஆயுளையும் பாருங்கள். தனியார் காருக்குப் பதிவு 15 வருடம். 2013-ல் பதிவான ஜிடிக்கு 2028-ல் முடிகிறது. பிறகு எஃப்சி எடுத்துப் புதுப்பிக்கலாம், தமிழ்நாட்டில் தடை ஏதும் இல்லை. ஆனால் 600 ரூபாயாக இருந்த புதுப்பிப்புக் கட்டணத்தை 2022 ஏப்ரலிலிருந்து 5,000 ஆக்கிவிட்டார்கள். பசுமை வரி வேறு. அதோடு, மூன்று வருடம் ஓட்டிவிட்டு விற்கலாம் என்று நினைத்தால், அப்போது அதை வாங்க வருகிறவரும் இதே கணக்கைத்தான் போடுவார்.

ஒரு விஷயத்தில் மட்டும் இரண்டுமே பழசு. இன்றைக்கு பங்கில் கிடைப்பது 20 சதவீத எத்தனால் கலந்த இ20 பெட்ரோல். அதற்கு ஏற்ற பாகங்களோடு வண்டி தயாரிக்க வேண்டும் என்பது 2023 ஏப்ரலிலிருந்துதான் நடைமுறை. போலோ 2022-லேயே நின்றுவிட்டது அல்லவா? ஆகவே "இது லேட்டஸ்ட் சார்" என்று யார் சொன்னாலும் மைலேஜ் கொஞ்சம் குறையும், ரப்பர் குழாய், சீல்களை அவ்வப்போது பார்க்க வேண்டியிருக்கும். மாதக்கணக்கில் ஓட்டாமல் டேங்கில் பெட்ரோலை வைத்திருக்காதீர்கள்.

பாதுகாப்பைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். 2014-ல் குளோபல் என்கேப் அமைப்பு போலோவை மோதிச் சோதித்தது. ஏர்பேக் இல்லாத மாடலுக்கு பூஜ்ஜியம். அதே வண்டி இரண்டு ஏர்பேக்கோடு மோதியபோது நான்கு நட்சத்திரம். அதற்குப் பிறகு எல்லா போலோவிலும் இரண்டு ஏர்பேக் வைத்தார்கள். ஜிடியில் முதலிலிருந்தே உண்டு. நீங்கள் பார்க்க வேண்டியது, அந்த ஏர்பேக் இன்னும் உள்ளே இருக்கிறதா என்பதை. ஒரு விபத்தில் வெடித்திருந்தால், மாற்றாமல் மேலே மூடி வைத்துவிடுகிறவர்கள் உண்டு. சாவியைத் திருப்பும்போது டேஷ்போர்டில் ஏர்பேக் விளக்கு எரிந்து அணைய வேண்டும். எரியவே இல்லை என்றாலும் தப்பு, அணையவே இல்லை என்றாலும் தப்பு.

இப்போது கொஞ்சம் தந்திரங்கள் பக்கம் போவோம். கன்சல்டிங்கில் வண்டி பார்க்கப் போகிறீர்கள். பின்னால் சிவப்பில் ஜிடி என்று பேட்ஜ் மின்னுகிறது. அந்த பேட்ஜ் ஆன்லைனில் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும். சாதாரண போலோவில் ஒட்டி, ஜிடி விலைக்குக் குழைந்து பேசி விற்பவர்கள் இருக்கிறார்கள். ஆர்சி-யில் சிசி பார்த்தால் தெரிந்துவிடாதா? பழையதில் தெரியும், ஆனால் கூர்ந்து பார்க்க வேண்டும்: டர்போவுக்கு 1,197, சாதாரண 1.2 இன்ஜினுக்கு 1,198. ஒரே ஒரு எண் வித்தியாசம்! புதியதில் அதுவும் இல்லை. சாதாரண 1.0 இன்ஜினும் 999 சிசி, டர்போவும் 999 சிசி. அங்கே கியர் நாபைப் பாருங்கள். சாதாரண மேனுவலுக்கு ஐந்து கியர், டர்போ மேனுவலுக்கு ஆறு. இதில் இன்னொரு வேடிக்கை, நான் வாங்கச் சொல்லும் அந்த டர்போ மேனுவல் பெரும்பாலும் ஹைலைன் பிளஸ், டிஎஸ்ஐ எடிஷன் என்ற பெயர்களில்தான் வந்தது. ஜிடி என்ற எழுத்து இல்லையே என்று பையன் முகம் வாடினால், வாடட்டும். விலையில் கொஞ்சம் குறைத்துக் கேட்க அதுவே ஒரு காரணம்.

வேறு மாநில நம்பர் வண்டிகள் கண்ணைப் பறிக்கிற விலையில் வரும். டெல்லியில் டீசலுக்கு 10 வருடம், பெட்ரோலுக்கு 15 வருடம் என்று கெடு விதித்த பிறகு அங்கிருந்து தெற்கே வந்த வண்டிகள் ஏராளம். ஜிடி-யின் டீசல் மாடலும் அதில் உண்டு. வாங்கக் கூடாது என்று சொல்லவில்லை. என்ஓசி வேண்டும், இங்கே வரி கட்டி நம்பர் மாற்ற வேண்டும். அந்தத் தொகையைக் கூட்டின பிறகும் விலை மலிவாக இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். பாண்டிச்சேரி வண்டிக்கும் இதேதான்.

சென்னை வண்டி என்றால் 2015 டிசம்பர் வெள்ளம், 2023 டிசம்பர் மிக்ஜாம் புயல், இந்த இரண்டையும் மனதில் வையுங்கள். தண்ணீரில் நின்ற வண்டியை எவ்வளவு பாலீஷ் போட்டாலும் சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்தால் சேற்றுக் கறை சொல்லிக் கொடுத்துவிடும். ஸ்டெப்னி இருக்கும் பள்ளத்தில் விரிப்பைத் தூக்கிப் பாருங்கள். கன்ட்ரோல் யூனிட்டுகள் இத்தனை இருக்கிற வண்டியில் தண்ணீர் புகுந்திருந்தால் அது பழசானாலும் புதுசானாலும் வேண்டவே வேண்டாம்.

முந்தைய ஓனர் இளைஞர் என்றால் இன்னொன்றையும் கேளுங்கள்: "ரீமேப் பண்ணியிருக்கீங்களா?" இன்ஜினின் கம்ப்யூட்டர் புரோக்ராமை மாற்றிக் கூடுதல் பவர் எடுப்பது இந்த வண்டிக்காரர்களிடம் சகஜம். பெருமையாகவே சொல்வார்கள். மறைத்தால்தான் கவலை. கம்பெனி கொடுத்ததற்கு மேல் இழுவை கூட்டிய வண்டியில் கியர்பாக்ஸும் கிளட்சும் அதற்கான விலையைக் கொடுத்திருக்கும். கிளெய்ம் நேரத்தில் இன்சூரன்ஸ்காரர்களும் கேள்வி கேட்பார்கள். சைலென்சர் மாற்றியிருந்தால் ஒரிஜினல் சைலென்சரைக் கேட்டு வாங்கிவிட்டுத்தான் அட்வான்ஸ் கொடுக்க வேண்டும்.

ஓட்டிப் பார்ப்பது எப்படி என்று நிறையப் பேர் கேட்டிருந்தீர்கள். போன் பண்ணும்போதே, "நான் வருகிற வரை ஸ்டார்ட் பண்ணாதீர்கள்" என்று சொல்லிவிடுங்கள். ஆறின இன்ஜின்தான் உண்மை பேசும். பிறகு அரை மணி நேரமாவது, நெரிசலான ரோட்டில், ஏசி போட்டு ஓட்டுங்கள். காலி ரோட்டில் ஓட்டினால் டிஎஸ்ஜி எல்லாமே தேன் மாதிரிதான் இருக்கும். ஒரு மேடான பாலத்தில் நிறுத்தி எடுங்கள். ரிவர்ஸில் மெதுவாக ஏற்றிப் பாருங்கள். உதறுகிறதா, தயங்குகிறதா, கியர் எழுத்து கண் சிமிட்டுகிறதா? சிமிட்டினால் நன்றி சொல்லி சாவியைக் கொடுத்துவிடுங்கள். "அது சென்சார் சார், ஐயாயிரத்தில் முடிஞ்சிரும்" என்பார்கள். ஐயாயிரத்தில் முடியும் என்றால் விற்கிறவரே முடித்துவைத்திருக்க மாட்டாரா?

விலை பேசும்போது இதைச் சொல்லுங்கள்: 2025 செப்டம்பர் 22-லிருந்து சிறிய பெட்ரோல் கார்களுக்கு ஜிஎஸ்டி 28-லிருந்து 18 சதவீதமாகக் குறைந்துவிட்டது. புது வண்டியே மலிவாகியிருக்கும்போது பழைய வண்டிக்குப் பழைய விலை எப்படிச் சரியாகும்? "போலோ இனிமேல் வரப்போவதில்லை, கலெக்டர்ஸ் ஐட்டம்" என்று பதில் வரும். சேகரிக்கிறவர் சேகரிக்கட்டும். நமக்குத் திங்கட்கிழமை ஆபீஸ் போக வேண்டும்.

பணம் கைமாறிய பிறகு ஃபார்ம் 29, ஃபார்ம் 30-ல் கையெழுத்து வாங்கி பீரோவில் வைத்துவிடாதீர்கள். நம் மாநிலத்துக்குள் விற்றவர் 14 நாளுக்குள் ஆர்டிஓ-வுக்குத் தெரிவிக்க வேண்டும், வாங்கியவர் 30 நாளுக்குள் பெயர் மாற்ற விண்ணப்பிக்க வேண்டும். லோன் இருந்த வண்டி என்றால் ஆர்சி-யில் ஹெச்பி (கடன் பதிவு) கேன்சல் ஆகிவிட்டதா என்று முன்பே பாருங்கள். இன்சூரன்ஸையும் 14 நாளுக்குள் உங்கள் பெயருக்கு மாற்றச் சொல்லிக் கேளுங்கள். விற்றவர் சேர்த்து வைத்திருந்த நோ கிளெய்ம் போனஸ் அவரோடு போய்விடும். அந்த வித்தியாசத்தை நீங்கள் கட்ட வேண்டியிருக்கும். பழைய சலான் ஏதும் பாக்கி இருக்கிறதா என்று பரிவாஹன் தளத்தில் வண்டி நம்பரைப் போட்டால் தெரிந்துவிடும். பையன்கள் ஓட்டிய ஜிடி என்றால் ஓவர் ஸ்பீடு சலான் ஒன்றிரண்டாவது இருக்கும். அதை விற்கிறவரையே கட்டச் சொல்லுங்கள்.

டீசல் ஜிடி பற்றிக் கேட்டவர்களுக்கு இந்த முறை பதில் எழுத இடமில்லை. அடுத்த இதழில் எழுதுகிறேன். ஏற்கெனவே பழைய டிஎஸ்ஜி வைத்திருக்கும் வாசகர்கள், எத்தனை கிலோமீட்டரில் என்ன செலவு வந்தது என்று பில்லோடு எழுதி அனுப்புங்கள். குறை வராதவர்களும் எழுதலாம்; உங்கள் கடிதத்தையும் கட்டாயம் போடுகிறேன்.

அன்புடன்,
ஆசிரியர்